குடியாத்தம் லுங்கியும் அசாம் மேகலாவும்: ஒரு தறி, ஒரு சட்டம், ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எல்.கே.ஜி.யில் இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. விஷயம் முக்கியம்னு தோணுச்சு, அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆகஸ்ட் 7 அன்று நம்ம கேம்பஸில் தேசிய கைத்தறி நாள் கொண்டாடினோம், ஞாபகம் இருக்கா? 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக 2015இல் இருந்து இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். முதல் விழா நடந்ததே நம்ம சென்னையில்தான். அன்றைக்கு எல்லாரும் கைத்தறி உடுத்தி வரணும்னு சர்க்குலர் வந்தது. என் கிளாஸில் படிக்கிற அசாம் நண்பன் கழுத்தில் கமோசா போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்புப் பூ வேலை. அவன் அம்மா வீட்டுத் தறியில் நெய்தது. ஆளாளுக்கு அவனோடு செல்ஃபி எடுத்தோம்.

அப்புறம் அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "உங்க ஊர் கைத்தறி என்ன?"

நான் "காஞ்சிபுரம் பட்டு"ன்னு சொன்னேன். சொன்ன அடுத்த நிமிஷமே உள்ளுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன்னா நான் குடியாத்தம். எங்க வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கு. எங்க தாத்தா நெய்வது லுங்கி. அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைத்தறி நாளுக்குக்கூட லுங்கி கட்டிக்கொண்டு கேம்பஸுக்குள் வர முடியாது, அதைப் போய் எங்க ஊர் பெருமைன்னு எப்படிச் சொல்றதுன்னு நினைத்துவிட்டேன்.

அந்த வெட்கத்துக்கான பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

வேலூர்னா கோட்டை, ஆம்பூர்னா பிரியாணியும் ஷூவும், வாணியம்பாடின்னா தோல். குடியாத்தம்னா? 1954இல் முதலமைச்சர் காமராஜர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, தீப்பெட்டி, பீடி, அப்புறம் லுங்கி. நம்ம காலேஜில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான்.

தறி எப்படி வேலை செய்கிறது?

இது நம்ம மேகஸின் என்பதால் முதலில் மெஷினைப் புரிந்துகொள்வோம்.

நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. எந்தத் தறியாக இருந்தாலும் அது செய்வது மூன்றே வேலை. ஒன்று, பாவு இழைகளைப் பாதி மேலே, பாதி கீழே பிரிப்பது. பாவு இழைகள் விழுது என்கிற நூல் வளையங்களுக்குள் கோத்திருக்கும். காலால் மிதியை அழுத்தினால் விழுது ஏறி இறங்கி நடுவில் வழி திறக்கும். இரண்டு, அந்த வழியில் ஊடையை அனுப்புவது. ஊடை சுற்றிய குச்சிக்குப் பேர் தார். அந்தத் தார் உட்காரும் படகு மாதிரியான கட்டைக்குப் பேர் நாடா. கயிற்றை வெடுக்குன்னு இழுத்தால் நாடா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பாயும். மூன்று, பாய்ந்த இழையைச் சீப்பு மாதிரி இருக்கும் அச்சால் தட்டி நெருக்குவது.

பிரி, அனுப்பு, தட்டு. அவ்வளவுதான். இந்த மூன்றைத்தான் பவர்லூமும் செய்கிறது, ஏர்ஜெட் தறியும் செய்கிறது. கயிறு இழுத்தால் நாடா பாயும் முறையை 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தார். 1785இல் எட்மண்ட் கார்ட்ரைட் மூன்று வேலையையும் இயந்திரத்துக்குக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்த போட்டி இன்னும் முடியவில்லை.

இப்போது ஒரு சின்ன கணக்கு. 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம் உள்ள லுங்கி. அங்குலத்துக்கு 60 ஊடைன்னு வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் என்பது 78.7 அங்குலம். அதை 60ஆல் பெருக்கினால் சுமார் 4,720 முறை நாடா பாய வேண்டும். நல்ல கை உள்ள நெசவாளர் நிமிஷத்துக்கு 45 முறை அனுப்புவார். நிற்காமல் நெய்தால் 105 நிமிஷம். ஆனால் நிற்காமல் நெய்ய முடியாது. கட்டம் போட்ட லுங்கியில் கலர் மாறும்போது நாடா மாற்றணும், அறுந்த இழையை முடியணும், தார் தீர்ந்தால் வேறு போடணும். எங்க தாத்தா கணக்கில் ஒரு லுங்கிக்கு மூணு மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு, உடம்பு ஒத்துழைச்சா மூணு.

சாதாரண பவர்லூம் நிமிஷத்துக்கு 120 ஊடைன்னு எடுத்துக்கொண்டால் அதே லுங்கிக்கு சுமார் 40 நிமிஷம். ஒரு ஆள் ஆறு தறியைப் பார்த்துக்கொள்வார். அப்படியானால் ஒரு லுங்கிக்குச் செலவாகும் மனித நேரம் 7 நிமிஷத்துக்கும் குறைவு. பவர்லூமும் நடுவில் நிற்கும் என்று கழித்துக்கொண்டாலும் இருபது மடங்கு வித்தியாசம் வருகிறது. கடையில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலர் ஒன்று, கட்டம் ஒன்று. விலை மட்டும் வேற. வாங்குகிறவர் எதை எடுப்பார்? நானே எதை எடுப்பேன்? நேர்மையா யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கணக்கில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. 4,720 ஊடையை 50 அங்குலத்தால் பெருக்கினால் ஒரு லுங்கிக்கு ஊடை நூல் மட்டும் சுமார் 6 கிலோமீட்டர். அந்த 6 கிலோமீட்டரையும் ராட்டையில் சுற்றித் தாராக்குவது தாத்தா இல்லை, எங்க ஆயா. ஒரு நாளைக்கு ரெண்டு லுங்கின்னா 12 கிலோமீட்டர். மூணு நாள் சுற்றினால் அந்த நூல் குடியாத்தத்தில் இருந்து வேலூர் வரைக்கும் நீளும். இந்த ஆயா கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவோம்.

லுங்கிக்கு உலகமயம் புதுசா?

உலகமயம் வந்தது, கைத்தறி அழிந்தது. எல்லா கட்டுரையிலும் இப்படித்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தேடிப் பார்த்தபோது கதை அவ்வளவு நேரானது இல்லைன்னு தெரிந்தது.

மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு என்ன பெயர் தெரியுமா? 'காயின் பெலிகாட்'. காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம்ம பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரி இருக்கிறதே, அதே ஊர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணியை அங்கிருந்து கப்பலில் ஏற்றினார்கள். துறைமுகத்தின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. இலங்கையில் சாரம், பர்மாவில் லோஞ்சி என்று பெயர் மாறினாலும், கடல் தாண்டிய ஊர்களின் இடுப்புத் துணியில் தமிழ்நாட்டுக் கட்டம் ரொம்ப காலமாக இருக்கிறது.

இன்னும் தூரம் போகலாம். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் டெல்டா பகுதியில் காலாபரி என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி அவர்கள் சடங்குகளிலேயே இடம்பிடித்தது. அவர்கள் அதை 'இன்ஜிரி' என்பார்கள். சும்மா கட்டிக்கொள்வது இல்லை. நம்ம ஆட்கள் நெய்து அனுப்பிய கட்டத்தில் இருந்து சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, அதில் புது டிசைன் கொண்டுவருவார்கள். இங்கே ஒருவர் இழை சேர்க்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இழை எடுக்கிறார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

1960களில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் காமெடி. மெட்ராஸ் செக்ஸ் துணி துவைக்கத் துவைக்க சாயம் போனது. நம்ம ஊரில் என்றால் கடைக்காரரோடு சண்டை. அங்கே அதையே 'சாயம் கட்டாயம் போகும், கியாரண்டி' என்று விளம்பரம் செய்து 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று விற்றார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் கலர் மாறுவதுதான் அதன் அழகு என்றார்கள். காலேஜ் பசங்க போட்டி போட்டு வாங்கினார்கள்.

அதனால் உலகச் சந்தை நம்ம கட்டத் துணிக்கு எதிரி இல்லை. அதை வளர்த்ததே அதுதான். அப்போ என்ன மாறியது? அந்தச் சந்தையின் விதி மாறியது.

எது மாறியது?

முதல் மாற்றம், கோட்டா போனது. 1974இல் இருந்து மல்டி ஃபைபர் அக்ரிமென்ட் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பணக்கார நாடுகள் வளரும் நாடுகளில் இருந்து வரும் துணிக்கு அளவு வைத்தன. அதில் கைத்தறித் துணிக்கு விலக்கு உண்டு. அதாவது மில் துணிக்கு வாசலில் செக்யூரிட்டி, கைத்தறிக்குத் தனி வழி. 2005 ஜனவரி 1 அன்று இந்தக் கோட்டா முறை முழுசாக முடிந்தது. எல்லாருக்கும் வாசல் திறந்ததும், தனி வழிக்கு இருந்த மதிப்பு போய்விட்டது.

இரண்டாவது, வாங்கும் நாடுகளே இயந்திரத்தில் நெய்ய ஆரம்பித்தன. லுங்கியும் சாரோங்கும் கட்டுகிற இந்தோனேசியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளில் இன்று இயந்திரத்தில் நெய்த சாரோங் ஏராளம். பிராண்ட் பெயர், அழகான அட்டைப் பெட்டி எல்லாம் உண்டு. அங்கே போகிற கைத்தறி லுங்கி இன்று போட்டி போடுவது பக்கத்து ஊர் பவர்லூமோடு மட்டும் இல்லை.

மூன்றாவது, நூல். நெசவாளருக்கு வேண்டியது சிட்டா நூல். பவர்லூமுக்கு வேண்டியது கோன் நூல். ஒரு சிட்டாவில் 840 கஜம் இருக்கும். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டாவோ அதுதான் கவுண்ட். 60 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 60 சிட்டா, அதாவது 46 கிலோமீட்டர் நூல். மில்கள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டாவாகத்தான் கட்டணும் என்று அரசு விதி இருக்கிறது. 50% ஆக இருந்தது, 2003இல் 40%, 2019இல் 30% ஆனது. உலகச் சந்தையில் பஞ்சு விலை ஏறினால் முதலில் அடிபடுவது சிட்டா வாங்குகிறவர்தான். கூலியைத் தவிர எல்லா விலையும் அவர் கையில் இல்லாத விலை.

நான்காவது, டிசைன். 2018 ஜனவரியில் ஒரு பெரிய ஐரோப்பிய ஃபேஷன் பிராண்ட் பெண்களுக்கு ஒரு கட்டம் போட்ட ஸ்கர்ட் விட்டது. விலை 69.99 பவுண்டு, நம்ம காசுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். பார்த்தவர்கள் எல்லாம் "இது எங்க அப்பா கட்டுற லுங்கி" என்று ட்விட்டரில் கலாய்த்தார்கள். நானும் ஸ்கூல் படிக்கும்போது அந்த மீம்களைப் பார்த்துச் சிரித்தவன்தான். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. டிசைனுக்கு விலை இருக்கு, டிசைனைப் பல தலைமுறையாக நெய்கிற கைக்கு அந்த விலை வருவது இல்லை என்பதுதான் அந்த மீமுக்குள் இருந்த செய்தி.

ஒரே பட்டியலில் நாங்க ரெண்டு பேரும்

இதையெல்லாம் தேடும்போதுதான் ஒரு சட்டம் கண்ணில் பட்டது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம், பவர்லூமில் நெய்தால் குற்றம். சட்டம் வந்தபோது அதில் எழுதியிருந்த தண்டனை, ஒரு தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். மில் தரப்பும் பவர்லூம் தரப்பும் வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னது. ஆரம்பத்தில் 22 வகைத் துணிகள் பட்டியலில் இருந்தன. பிறகு 11 ஆகச் சுருங்கியது.

அந்தப் பதினொன்றில் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் எல்லாம் இருக்கு. லுங்கி இருக்கு. இன்னும் கீழே பார்த்தால், சாதர், மேகலா. அசாம் பெண்கள் உடுத்தும் ரெண்டு துண்டு ஆடை. என் நண்பனின் அம்மாவும் எங்க தாத்தாவும் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் ஒரே சட்டத்தின் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரியே அவனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

ஆனால் ரெண்டு ஊர் கதையும் ஒன்று இல்லை. அவன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அசாமில் நெசவு பெரும்பாலும் பெண்கள் வேலை, வீட்டு வேலை. 2019–20இல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். தறி உள்ள வீடுகளில் பத்து லட்சத்துக்கும் மேல் அசாமில் மட்டுமே. நெய்கிறவரே உடுத்துகிறார், விருந்தாளிக்குக் கமோசா போடுகிறார், பிஹுவுக்குப் பரிசு கொடுக்கிறார். வியாபாரத்துக்கு நெய்கிற பெரிய ஊர் பிரம்மபுத்திரா கரையில் இருக்கும் சுவால்குச்சி.

குடியாத்தத்தில் நெசவு ஆரம்பத்தில் இருந்தே விற்பனைக்குத்தான். கடல் தாண்டி யாரோ கட்டப்போகும் லுங்கியை நெய்கிறோம். அதனால் அடி விழும்போதும் வித்தியாசமாக விழுகிறது. அசாமில் வெளியூர் பவர்லூம் துணி உள்ளே வந்தபோது ஊரே கொதித்தது. 2013இல் சுவால்குச்சியில் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, வெளியில் இருந்து வந்த போலி மேகலா சாதர்களை எரித்தார்கள். 2022 டிசம்பரில் கமோசாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 மார்ச்சில் அசாம் அரசு இந்த 1985 சட்டத்தையே கையில் எடுத்து, பவர்லூமில் நெய்த கமோசா, மேகலா சாதருக்குத் தடை போட்டது.

லுங்கிக்காக யார் தெருவில் இறங்குவார்? மேகலா என்பது ஒரு மக்களின் அடையாளம். லுங்கி என்பது வீட்டுக்குள் கட்டுவது, கேட்டுக்குள் அனுமதி இல்லாதது. சட்டம் ரெண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது, நாம வைக்கவில்லை. ஒரு துணியை அதைக் கட்டுகிறவனே மதிக்காதபோது, எந்தச் சட்டமும் பேப்பரில்தான் இருக்கும். என் தேடலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. காஞ்சிபுரம்னு சொன்ன என் வாயையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

தறியை விட்டு ஷூ கம்பெனிக்கு

ரெண்டாவது பாடம் எங்க வீட்டிலேயே இருந்தது.

எங்க அம்மா கல்யாணமாகி வந்தபோது வீட்டில் ரெண்டு தறி. ஒன்றில் தாத்தா, இன்னொன்றில் அப்பா. ஆயாவும் அம்மாவும் தார் சுற்றுவார்கள், பாவு போடும்போது கூட நிற்பார்கள். கூலி ஒரு லுங்கிக்கு இவ்வளவு என்றுதான் வரும். அந்தக் கூலியில் ஆயாவின் பங்கு எவ்வளவு, அம்மாவின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்தது இல்லை. அது தறிக்காரர் கூலி. அவ்வளவுதான்.

நான் ஸ்கூலில் சேர்ந்த வருஷம் அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. அம்மா பெயரில் முதல் முறையாக ஒரு பேங்க் பாஸ்புக். எங்க தெருவில் இருந்து போன அத்தைகளும் சித்திகளும் நிறைய. அவர்கள் தைக்கும் ஷூவும் ஐரோப்பா, அமெரிக்கா போகிறது. அதுவும் உலகமயம்தான்.

தறியை முடக்கியது பவர்லூம்னு எல்லாரும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. வீட்டுப் பெண்களின் கூலியில்லாத உழைப்பு கைத்தறிக்குக் கிடைத்துவந்த மறைமுக மானியம். அவர்களுக்கு வெளியில் நியாயமான சம்பளம் கிடைத்ததும் அந்த மானியம் நின்றது. தார் சுற்ற ஆள் இல்லாமல் அப்பாவின் தறி முதலில் நின்றது. அப்பா இப்போது வேன் ஓட்டுகிறார்.

இதைத் தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் ஸ்கூல் ஃபீஸ் அந்த ஷூ சம்பளத்தில் இருந்து வந்தது. நான் இன்று இங்கே உட்கார்ந்து கைத்தறியைப் பற்றிக் கவலைப்பட்டு எழுத முடிகிறதே, அதற்கே காரணம் அம்மா தறியை விட்டதுதான். கைத்தறி வாழணும்னு ஆசைப்படுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: அந்தத் தார் சுற்றுகிற கைக்கு யார் சம்பளம் கொடுப்பது? அதே கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர்களில் 70%க்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. எங்க ஷூ பெல்ட்டில் இந்த நம்பரை வைத்துக்கொண்டு யாரையும் தறியில் உட்காரச் சொல்ல முடியாது.

அந்தப் பக்கமும் நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்லணும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி போட்டபோது, துணி ஏற்றுமதி செய்கிறவர்களும் தோல் ஏற்றுமதி செய்கிறவர்களும் ஒரே மாதிரி பயந்தார்கள். எங்க வீட்டில் அந்த வாரம் தாத்தாவும் அம்மாவும் ஒரே நியூஸை, ஒரே முகத்தோடு பார்த்தார்கள்.

ப்ராஜெக்ட் ரிவ்யூ நடந்தது எங்க வீட்டில்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நானும் ரெண்டு நண்பர்களும் முதலில் போட்ட ஐடியா, தாத்தாவின் தறிக்கு ஒரு சின்ன மோட்டார் வைப்பது. நாடா அனுப்புவதையும் அச்சுத் தட்டுவதையும் மோட்டார் செய்யும், மிதியை மட்டும் கால் அழுத்தும். வேகம் ரெண்டு மடங்கு ஆகும் என்று பிபிடி எல்லாம் ரெடி.

தாத்தாவிடம் மொபைலில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"நல்லா கீதுடா கண்ணு. இது ஓடினா இன்னா பேரு?"

"கைத்தறிதான் தாத்தா. மோட்டார் வெச்ச கைத்தறி."

"மோட்டார் வெச்சா பவர்லூம்தானேடா? பவர்லூம்ல பெரிசா ஓட்றவன் ஆயிரம் பேரு கீறான். அவன் கூட இந்த ஒத்தத் தறி ஓடி ஜெயிக்குமா?"

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார். அப்புறம் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1985 சட்டத்தின்படி கைத்தறி என்றால் பவர்லூம் அல்லாத தறி. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், ஏதாவது ஒரு வேலையாவது கையால் நடந்தால் அதையும் கைத்தறி என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. நெசவாளர்கள் பக்கம் இருந்து கடும் எதிர்ப்பு. அந்த யோசனை நின்றது. அப்போது படித்தபோது எதுக்கு எதிர்க்கிறாங்கன்னு எனக்குப் புரியவில்லை. தாத்தா ஒரே வரியில் புரிய வைத்துவிட்டார். வேகத்தில் போட்டி போட்டால் கைத்தறிக்குத் தோல்வி உறுதி. 'இது கையால் நெய்தது' என்கிற ஒரு சொல்தான் அதன் சொத்து. அந்தச் சொல்லை மோட்டாருக்கு விற்றுவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

அதனால் ப்ராஜெக்ட்டை மாற்றினோம். ஆயா கணக்கு சொன்னேனே, ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். ஆயாவுக்கு வலது தோள்பட்டை தூக்க முடியவில்லை. இப்போது நாங்கள் செய்வது தார் சுற்றும் சின்ன மெஷின். மோட்டார் தாரில்தான், தறியில் இல்லை. அதனால் துணி கைத்தறியாகவே இருக்கும். மோட்டார் வைத்த தார் மெஷின் ஏற்கனவே இருக்கிறது, நாங்கள் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. நூல் அறுந்தாலோ தார் நிறைந்தாலோ தானாக நிற்பது, ஒரே நேரத்தில் நாலு கலர் சுற்றுவது, சத்தம் குறைவாக இருப்பது, இந்த மூன்றும்தான் எங்கள் வேலை. எத்தனை மீட்டர் சுற்றியது என்று ஒரு கவுண்டரும் வைத்திருக்கிறோம். அது என் பிடிவாதம். ஆயாவின் வேலைக்கு இதுவரை யாரும் நம்பர் போட்டது இல்லை.

நாம என்ன செய்யலாம்?

உபதேசம் வேண்டாம், செய்யக்கூடிய நாலு விஷயம் மட்டும்.

ஒன்று, வாங்கும்போது கேளுங்கள். 2006இல் கொண்டுவந்த கைத்தறி முத்திரை, கைத்தறித் துணியை அடையாளம் காட்டுவதற்காகவே இருக்கிறது. 1935இல் ஆரம்பித்த கோ-ஆப்டெக்ஸின் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு லுங்கி, ஒரு துண்டு போதும். மலிவாக இருக்காது. ஏன் மலிவாக இருக்காதுன்னு இப்போது உங்களுக்குக் கணக்கு தெரியும்.

இரண்டு, மெக்கானிக்கல், ட்ரிபிள் இ மக்களுக்கு: தறியைத் தொடாதீர்கள், தறிக்கு முன்னாடி இருக்கும் வேலைகளைத் தொடுங்கள். தார் சுற்றுவது, பாவு போடுவது, மிதி அழுத்தும்போது முழங்காலுக்கு வரும் பாரம். இவற்றில் எல்லாம் ப்ராஜெக்ட் இருக்கிறது. தறி, துணைக்கருவிகள் வாங்க அரசு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த ஃபாரத்தை நிரப்பக்கூட நிறைய வீட்டில் ஆள் இல்லை.

மூன்று, சி.எஸ். மக்களுக்கு: நெசவாளருக்கு வெப்சைட் கட்டித் தருவது ஈஸி. போட்டோ எடுத்து, பார்சல் கட்டி, ரிட்டர்ன் வந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதுதான் கஷ்டம். அந்த ஆளாக ஒரு செமஸ்டர் இருந்து பாருங்கள்.

நாலு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் பஸ் ஏறுங்கள். ஆம்பூர் பிரியாணிக்கு அவ்வளவு தூரம் போகிறோம் இல்லையா?

தாத்தாவுக்கு வயசு எழுபத்தி மூணு. அவருக்கு அப்புறம் எங்க வீட்டுத் தறியில் யாரும் உட்காரப் போவது இல்லை. பிளேஸ்மென்ட் ஆர்டர் கையில் வைத்திருக்கும் நானும் உட்காரப் போவது இல்லை, பொய் சொல்ல விருப்பம் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் என் வயசு பையன் ஒருத்தன் இன்னும் நெய்கிறான். எங்க மெஷின் ரெடியானதும் ஆயாவுக்கு ஒன்று, அவன் அம்மாவுக்கு ஒன்று என்று முடிவு பண்ணியிருக்கிறோம்.

போன வாரம் அசாம் நண்பன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். தாத்தா நெய்வதை ரொம்ப நேரம் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். கிளம்பும்போது பையில் இருந்து ஒரு கமோசா எடுத்துத் தாத்தா தோளில் போட்டான். தாத்தா அதை முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, விரலால் தேய்த்து இழையை எண்ணிப் பார்த்தார். "கை நெசவுதான்"னு சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு லுங்கி எடுத்து வந்து அவனிடம் கொடுத்தார்.

அடுத்த ஆகஸ்ட் 7க்கு நாங்கள் ரெண்டு பேரும் கேம்பஸில் இருக்க மாட்டோம். ஜூனியர்ஸ் யாராவது "வேலூர் மாவட்டத்துக் கைத்தறி என்ன?" என்று கேட்டால், தயவுசெய்து காஞ்சிபுரம்னு சொல்லிடாதீங்க.